ஃபர்ம்ல போட்ட காசு, வந்த லாபம், போன நஷ்டம்: நம்ம ரிட்டர்ன்ல எதை எங்க எழுதணும்

நீலகிரி மஞ்சூர்ல இருக்கிற என் சித்தி பையன் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணான். "அண்ணா, நான் பார்ட்னரா இருக்கிற ஃபர்ம்ல இருந்து இந்த வருஷம் ரெண்டு லட்சம் அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு, வருமான வரி ரிட்டர்ன்ல எந்த கட்டத்துல போடணும்?"

"ரெண்டு லட்சம்னு ஒண்ணு ரிட்டர்ன்லயே கிடையாதுடா, அது என்னென்ன சேர்ந்த ரெண்டு லட்சம்னு சொல்லு"ன்னேன். அவனுக்கு சொல்லத் தெரியல. தப்பு சொல்லல, எனக்கும் முதல் வருஷம் தெரியல. கோத்தகிரி பக்கம் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் நடத்துற தொழில்ல (தேயிலை பாக்கெட் போட்டு விக்கிறது, கூடவே நாலு ரூம் ஹோம்ஸ்டே) நான் காசு மட்டும் போட்ட ஆள், ஸ்லீப்பிங் பார்ட்னர்னு சொல்வாங்களே அது. முதல் வருஷம் வந்த மொத்தத்தையும் 'இதர வருமானம்'னு ஐடிஆர்-2ல (ரிட்டர்ன் ஃபாரம்ல ஒரு வகை) போட்டு, வரியே இல்லாத காசுக்கும் சேர்த்து வரி கட்டிட்டு, நல்ல வேளை நவம்பர்லயே புத்தி வந்து திருத்தின ரிட்டர்ன் போட்டேன். அந்த அனுபவத்துல எழுதுறேன். சொந்தமா ஃபைல் பண்றவங்களுக்கும் சரி, ஆடிட்டர்கிட்ட குடுத்துட்டு "சரியாத்தான் போட்டிருப்பாரு"ன்னு இருக்கிறவங்களுக்கும் சரி, ரெண்டு பேருக்கும்தான்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் (2025ல பாஸ் ஆனது) அமலுக்கு வந்துடுச்சு, பிரிவு நம்பரெல்லாம் மாறுது. ஆனா 2025-26 நிதியாண்டு கணக்கு, அதாவது மதிப்பீட்டு ஆண்டு (அந்த வருமானத்துக்கு ரிட்டர்ன் போடற வருஷம்) 2026-27, பழைய 1961 சட்டப்படிதான் போகும். அதனால கீழ சொல்ற பிரிவு எல்லாம் பழைய சட்டத்தோட நம்பர்.

முதல்ல: உங்களது நிஜமாவே ஃபர்ம் தானா?

சிரிக்காதீங்க, நம்ம மலையில பாதி கூட்டுத் தொழில் வாய்ப்பேச்சுலதான் ஓடுது. "நீ மூணு போடு நான் மூணு போடறேன், வர்றதுல பாதி பாதி"ன்னு டீக்கடையில பேசி முடிச்சுடுவோம். வரிச் சட்டம் அதை ஃபர்ம்னு ஒத்துக்காது. பிரிவு 184 என்ன கேக்குதுன்னா, எழுத்துல ஒரு ஒப்பந்தப் பத்திரம் இருக்கணும், அதுல ஒவ்வொருத்தர் பங்கும் தனித்தனியா எழுதியிருக்கணும், அதோட சர்டிஃபைடு காப்பிய ஃபர்மோட முதல் ரிட்டர்ன் கூட குடுத்திருக்கணும். இது இல்லன்னா பிரிவு 185 வந்து உக்காந்துக்கும், பார்ட்னருக்கு குடுத்த வட்டி சம்பளம் எதையும் ஃபர்ம் செலவா கழிக்க முடியாது.

1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி உள்ள ஃபர்மா இருந்தாலும் சரி, 2008 சட்டப்படி பதிவான எல்எல்பியா (பார்ட்னரோட பொறுப்பு ஒரு அளவோட நிக்கிற கூட்டு நிறுவனம்) இருந்தாலும் சரி, வருமான வரிக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான். பிரைவேட் லிமிடெட்ல ஷேர் வாங்கி வெச்சிருக்கீங்கன்னா இது உங்களுக்கான கட்டுரை இல்ல, அது டிவிடெண்ட் கதை.

வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க பேச்ச கேட்டு குழம்பாதீங்க, முக்கியமா அமெரிக்காவுல இருக்கிறவங்க பேச்ச. அங்க ஃபர்ம் வரி கட்டாது, லாபமும் நஷ்டமும் அப்படியே பார்ட்னர் ரிட்டர்னுக்கு இறங்கி வரும். இங்க தலைகீழ், 1993-94 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து ஃபர்ம் தனி ஆள், அதுக்குன்னு தனி பான், அது தனியா ஐடிஆர்-5 போடும், லாபத்துல 30 சதவீதம் வரி, அந்த வரி மேல 4 சதவீதம் செஸ், வருமானம் ஒரு கோடிக்கு மேல போனா 12 சதவீதம் சர்சார்ஜ் (ரெண்டும் வரி மேல போடற கூடுதல் வரி). நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது வரி கட்டிடுது, அங்கதான் எல்லா வித்தியாசமும் ஆரம்பிக்குது.

அடுத்து: வந்த காசை பிரிக்கிறது

இதுதான் மொத்த வேலையில முக்கால்வாசி, ஃபாரம் நிரப்பறது எல்லாம் அப்புறம். ஃபேக்டரியில ஒரே சாக்குல வந்த இலை சலிச்சு முடிச்சதும் தனித்தனி கிரேடா போகுதில்ல, அந்த மாதிரி பேங்க்ல ஒரே தொகையா வந்தது நாலா பிரியும்.

ஒண்ணு, லாபத்துல உங்க பங்கு. ஃபர்ம் ஏற்கனவே வரி கட்டிடுச்சு, அதனால பிரிவு 10(2ஏ) படி உங்க கையில இதுக்கு வரியே இல்ல. ஃபர்ம் ஏதோ சலுகையால வரியே கட்டாம விட்டிருந்தாலும் உங்க பங்குக்கு வரி கிடையாதுன்னு மத்திய நேரடி வரி வாரியம் 2014லயே சர்க்குலர் போட்டு தெளிவு பண்ணிடுச்சு.

ரெண்டு, நீங்க போட்ட மூலதனத்துக்கு வட்டி. ஃபர்ம் இதை செலவா கழிச்சுக்குது, அதனால உங்க கையில வரி உண்டு. ஃபர்ம் கழிக்கிறதுக்கு வருஷத்துக்கு 12 சதவீதம் தனி வட்டி வரைக்கும்தான் அனுமதி, அதுவும் பத்திரத்துல எழுதியிருக்கணும்.

மூணு, சம்பளம் போனஸ் கமிஷன். இது வேலை பாக்கிற பார்ட்னருக்கு மட்டும். என்னை மாதிரி காசு மட்டும் போட்டு ஒதுங்கி இருக்கிறவனுக்கு ஃபர்ம் சம்பளம் குடுத்தா அதை கழிக்க முடியாது.

நாலு, நீங்க எடுத்த டிராயிங்ஸ். இது வருமானமே இல்ல, உங்க கணக்குல இருந்த உங்க காசை நீங்களே எடுக்கிறீங்க.

சித்தி பையன் குழம்பினது இந்த நாலாவதுலதான். பேங்க்ல வந்த ரெண்டு லட்சம் டிராயிங்ஸ், அதுக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்ல. வரி எதுக்குன்னா மார்ச் 31 வரைக்கும் ஃபர்ம் புக்ல உங்க மூலதனக் கணக்குல வரவு வெச்ச வட்டிக்கும் சம்பளத்துக்கும். ஒரு பைசா கூட கைக்கு வரலைன்னாலும் புக்ல வரவு வெச்சிருந்தா வரி உண்டு. இது நிறைய பேருக்கு கோவம் வர்ற இடம், எனக்கும் வந்துச்சு, ஆனா சட்டம் அப்படித்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்துடலாம்

மூணு பேர் ஃபர்ம்னு வெச்சுக்கோங்க. நான் 8 லட்சம் மூலதனம், மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு 4 லட்சம். லாபப் பங்கு 40, 30, 30. நான் ஒதுங்கின ஆள், அவங்க ரெண்டு பேரும் வேலை பாக்கிறாங்க, பத்திரத்துல ஆளுக்கு மாசம் 25,000 சம்பளம்.

வட்டி சம்பளம் கழிக்கிறதுக்கு முன்னாடி ஃபர்ம் லாபம் 11,92,000. 12 சதவீதம் வட்டி எனக்கு 96,000, அவங்களுக்கு தலா 48,000, ஆக மொத்தம் 1,92,000. மிச்சம் 10 லட்சம், இதைத்தான் புக் ப்ராஃபிட்னு சொல்றாங்க. இதுல எவ்வளவு சம்பளம் குடுக்கலாம்னு பிரிவு 40(பி)ல கணக்கு இருக்கு, முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் இல்லன்னா 3 லட்சம், ரெண்டுல எது அதிகமோ அது, அதுக்கு மேல உள்ளதுக்கு 60 சதவீதம். (2024-25 நிதியாண்டுல இருந்து இந்த அளவு, அதுக்கு முன்னாடி 3 லட்சமும் ஒன்றரை லட்சமுமா இருந்துச்சு, பழைய கட்டுரைய படிச்சுட்டு பழைய நம்பர போட்டுடாதீங்க.) அப்படின்னா 5,40,000 கூட 2,40,000, மொத்தம் 7,80,000 வரைக்கும் குடுக்கலாம், நம்ம ஃபர்ம் குடுக்கிறது 6 லட்சம்தான், பிரச்சனை இல்ல.

ஃபர்ம் வருமானம் 4 லட்சம். வரி 1,20,000, செஸ் 4,800, ஆக 1,24,800. மிச்சம் 2,75,200. என் 40 சதவீதம் 1,10,080.

இப்ப என் ரிட்டர்ன்ல: 96,000 வட்டிக்கு வரி உண்டு, 1,10,080 லாபப் பங்குக்கு இல்ல. வேலை பாக்கிற ஃப்ரெண்டுக்கு: 3 லட்சம் சம்பளமும் 48,000 வட்டியும் சேர்த்து 3,48,000க்கு வரி உண்டு, 82,560 பங்குக்கு இல்ல. அந்த வருஷம் நான் ரெண்டு லட்சம் எடுத்தேனா மூணு லட்சம் எடுத்தேனாங்கிறது இந்த கணக்குல எங்கயுமே வரல பாருங்க.

ஃபர்ம் வட்டியோ சம்பளமோ அளவுக்கு மேல குடுத்து அந்த அதிகப்படி ஃபர்ம் கையில கழிக்கப்படாம போச்சுன்னா, அந்த அதிகப்படிக்கு உங்க கையில வரி இல்ல. ஒரே காசுக்கு ரெண்டு வாட்டி வரி போடக்கூடாதுன்னு பிரிவு 28(வி)லயே சொல்லியிருக்கு.

ஃபர்ம்கிட்ட இருந்து என்னென்ன கேட்டு வாங்கணும்

மார்ச் முடிஞ்சு கணக்கு குளோஸ் பண்ணதும் இதை வாங்கி வெச்சுக்கோங்க, ஜூலை கடைசியில போய் நின்னா "ஆடிட்டர் குன்னூர்ல இல்ல, கோயம்புத்தூர் போயிருக்காரு"ன்னு பதில் வரும். உங்க மூலதனக் கணக்கு காப்பி (ஆரம்ப இருப்பு, வட்டி, சம்பளம், லாபம், டிராயிங்ஸ், முடிவு இருப்பு எல்லாம் தெரியிற மாதிரி), ஃபர்மோட லாப நட்டக் கணக்கு, ஐடிஆர்-5 போட்ட ஒப்புகையும் கணக்கீடும், ஃபர்ம் பான், ஆடிட் உண்டா இல்லையாங்கிற பதில், டிடிஎஸ் (குடுக்கும்போதே பிடிச்சு அரசுக்கு கட்டற வரி) பிடிச்சிருந்தா அதுக்கான 16ஏ சர்டிஃபிகேட். பத்திரம் உங்க கையில ஒரு காப்பி இல்லன்னா இன்னிக்கே வாங்குங்க. ஃப்ரெண்டுகிட்ட கேக்க சங்கடமா இருக்குன்னு விட்டுடாதீங்க, இது சந்தேகம் இல்ல, பழக்கம்.

பிரிவு 194டீ

ஆமா, நம்ம ஊருக்குன்னே பேர் வெச்ச மாதிரி ஒரு பிரிவு. 2025 ஏப்ரல் 1ல இருந்து, ஃபர்ம் தன்னோட பார்ட்னருக்கு குடுக்கிற சம்பளம், போனஸ், கமிஷன், வட்டி எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 20,000 தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும். கையில குடுத்தாத்தான்னு இல்ல, மூலதனக் கணக்குல வரவு வெச்சாலே பிடிக்கணும். லாபப் பங்குக்கும் டிராயிங்ஸுக்கும் கிடையாது. நம்ம கணக்குல எனக்கு 9,600, ஃப்ரெண்டுக்கு 34,800 பிடிப்பாங்க.

சின்ன ஃபர்ம் நிறைய பேர் இதை மறந்துட்டு இருக்காங்க, பார்ட்னர் ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருந்தா கேக்கவே வேணாம். ரிட்டர்ன் போட உக்கார்றதுக்கு முன்னாடி வருமான வரி போர்ட்டல்ல போய் 26ஏஎஸும் ஏஐஎஸும் (உங்க பேர்ல பிடிச்ச வரியும் வந்த வருமானமும் காட்டற பட்டியல்) டவுன்லோட் பண்ணி, ஃபர்ம் பான்ல இருந்து வந்த தொகையும் உங்க மூலதனக் கணக்கு காப்பியும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. அங்க 96,000 காட்டி நீங்க 90,000 எழுதினா மெஷின் கண்டுபிடிச்சு மெயில் போட்டுடும். ஃபர்ம் பிடிக்க மறந்திருந்தா நீங்க வருமானத்த மறைக்கலாம்னு அர்த்தம் இல்ல, வரிய நீங்க கட்டணும், பிடிக்காததுக்கு ஃபர்ம் பதில் சொல்லும்.

டிடிஎஸ் போக மிச்ச வரி வருஷத்துக்கு 10,000 தாண்டும்னா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு, ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. வருஷக் கடைசியிலதான் வட்டி எவ்வளவுன்னு தெரியும்னாலும் மூலதனம் தெரியும், 12 சதவீதம் தெரியும், தோராயமா போட்டு கட்டிடலாம், விட்டா மாசத்துக்கு ஒரு சதவீதம் வட்டி.

ஃபாரம் எது? ஐடிஆர்-3

ஐடிஆர்-1 இல்ல, ஐடிஆர்-2 இல்ல, ஐடிஆர்-4ம் இல்ல. வேலைக்கு போறவரா இருந்தாலும், பேங்க் வட்டி மாதிரிதான தோணுதுன்னாலும், ஃபர்ம்ல இருந்து வர்ற வட்டியும் சம்பளமும் சட்டத்தோட கண்ணுல தொழில் வருமானம். அந்த சம்பளம் 'சம்பளம்'ங்கிற தலைப்புல வராது, அதனால ஸ்டாண்டர்டு டிடக்ஷன (மாசச் சம்பளக்காரங்களுக்கு தானா கிடைக்கிற கழிவு) அதுல கழிக்க முடியாது. உங்களுக்கு வேற கம்பெனி சம்பளம் இருந்தா அதுல மட்டும் கழிச்சுக்கலாம். வெறும் லாபப் பங்கு மட்டும் வந்தவங்களும் ஐடிஆர்-3 போடறதுதான் வழக்கம், ஏன்னா ஃபர்ம் விவரம் கேக்கிற அட்டவணையே அதுலதான் இருக்கு.

சில பேர் ஒரு குறுக்கு வழி சொல்லுவாங்க, "ஃபர்ம் சம்பளத்த டர்ன்ஓவர்னு காட்டி 44ஏடியில (சின்னத் தொழிலுக்கு உத்தேச லாபம் காட்டற பிரிவு) 8 சதவீதம் மட்டும் லாபம்னு போட்டுடு"ன்னு. போடாதீங்க. 2020ல சென்னை உயர் நீதிமன்றமே பார்ட்னர் சம்பளமும் வட்டியும் டர்ன்ஓவர் இல்லன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு.

இனி நிரப்பற வேலை. போர்ட்டல்ல ஐடிஆர்-3 திறந்து, பொதுத் தகவல் பகுதியில "நீங்க ஏதாவது ஃபர்ம்ல பார்ட்னரா"ன்னு ஒரு கேள்வி வரும், ஆமான்னு போட்டு ஃபர்ம் பேரும் பானும் குடுங்க. தொழில் கோட் கேக்கிற இடத்துல உங்களுக்கு சொந்தத் தொழில் எதுவும் இல்லன்னா, 'ஷேர் ஆஃப் இன்கம் ஃப்ரம் ஃபர்ம் ஒன்லி'ன்னு ஒரு கோட் இருக்கு, 00001, அதை எடுங்க.

அடுத்து ஷெட்யூல் ஐஎஃப், ஃபர்ம் விவரம் கேக்கிற அட்டவணை. இங்க ஃபர்ம் பேர், பான், ஆடிட் உண்டா, 92இ பொருந்துமா (வெளிநாட்டு பரிவர்த்தனை சமாசாரம், நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்லன்னுதான் வரும்), லாபப் பங்கு சதவீதம், லாபத் தொகை, மார்ச் 31ல மூலதன இருப்பு. என் கணக்குக்கு 40, 1,10,080, அப்புறம் முடிவு இருப்பு. இந்த முடிவு இருப்பு ஃபர்ம் ஐடிஆர்-5ல உங்க பேருக்கு நேரா போட்ட இருப்போட ஒத்துப் போகணும், ஆயிரம் ரெண்டாயிரம்னு வித்தியாசம் வந்தா எந்த பக்கம் தப்புன்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க. ரெண்டு மூணு ஃபர்ம்ல பார்ட்னரா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை.

அப்புறம் ஷெட்யூல் பிபி, தொழில் வருமானத்துக்கான அட்டவணை. நீளமா இருக்கும், பயப்படாதீங்க, பெரும்பாலான கட்டம் நமக்கு வேலை இல்லாதது. நடுவுல லாப நட்டக் கணக்குல சேராத வருமானம்னு ஒரு வரி வரும், அதுக்குள்ள ஃபர்ம்ல இருந்து வந்த சம்பளம், போனஸ், கமிஷன், வட்டின்னு பிரிச்சு கேக்கும். அங்க வட்டி 96,000. லாபப் பங்கை இங்க வருமானமா சேர்த்துடாதீங்க. கடைசியில வரியில்லாத வருமானத்துக்கான ஷெட்யூல் ஈஐய ஒரு வாட்டி திறந்து பாத்துக்கோங்க. டிடிஎஸ் ஷெட்யூல்ல 194டீ தொகை தானா வந்திருக்கும், அதை தொழில் வருமானத் தலைப்போட கோத்து விடுங்க.

கடன் வாங்கி மூலதனம் போட்டவங்களுக்கு

நம்ம ஊர்ல மூலதனம்னா பாதி பேருக்கு வீட்டு நகைதான். அதை அடகு வெச்சு ஃபர்ம்ல போட்டிருந்தா, அந்தக் கடனுக்கு நீங்க கட்டுற வட்டிய ஃபர்ம்ல இருந்து வர்ற வட்டி சம்பளத்துக்கு எதிரா கழிக்கலாம், ஷெட்யூல் பிபியில இதர கழிவுன்னு வர்ற இடத்துல. ஆனா கடன் வாங்கின தேதியும் ஃபர்ம்ல போட்ட தேதியும் பேங்க் வழியா ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். கைல வாங்கி கைல குடுத்தா நிரூபிக்க முடியாது.

இன்னொரு சிக்கல் பிரிவு 14ஏ. வரியில்லாத வருமானத்த சம்பாதிக்க ஆன செலவ கழிக்க முடியாது. உங்க மூலதனம் வரி உள்ள வட்டியையும் குடுக்குது, வரியில்லாத பங்கையும் குடுக்குது. நான் என்ன பண்றேன்னா விகிதப்படி பிரிச்சுடறேன். 5 லட்சம் கடனுக்கு 11 சதவீதம்னா வருஷம் 55,000. மொத்தம் கிடைச்ச 2,06,080ல வரி உள்ளது 96,000, கிட்டத்தட்ட 46.6 சதவீதம், அதனால 25,600 சுமாருக்கு மட்டும் கழிச்சேன். முழு 55,000மும் கழிக்கிறவங்க இருக்காங்க, கேள்வி வந்தா வாதாடத் தயாரா இருந்தா செய்யுங்க, எனக்கு அந்தத் தூக்கம் கெடற வேலை வேணாம்.

நஷ்டம் வந்த வருஷம்

இங்கதான் எல்லாரும் அடி வாங்குறது. மழை அடிச்சு ரோடு அடைஞ்சு சீசன்ல ரூம் காலி, பாக்கெட் டீ ஸ்டாக் தேங்கிடுச்சு, ஃபர்முக்கு 3 லட்சம் நஷ்டம்னு வெச்சுக்கோங்க. என் பங்கு 1,20,000. இதை என் கம்பெனி சம்பளத்துல கழிக்கலாமா? முடியாது. வீட்டு வாடகையில? முடியாது. என்னோட வேற சொந்தத் தொழில் லாபத்துல? அதுவும் முடியாது. நஷ்டம் ஃபர்மோடது, ஃபர்ம்கிட்டயே இருக்கும், ஃபர்ம்தான் அடுத்த 8 வருஷத்துக்கு தன்னோட தொழில் லாபத்துல கழிச்சுக்கும். என் மூலதனக் கணக்குல 1,20,000 குறையும், அதோட சரி. என் ரிட்டர்ன்ல ஷெட்யூல் ஐஎஃப் அப்பவும் நிரப்பணும், குறைஞ்ச இருப்போட.

அந்த 8 வருஷ உரிமையும் ஃபர்ம் கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாத்தான். "நஷ்டம்தானே, வரி இல்லையே, மெதுவா போடலாம்"னு வேலை பாக்கிற பார்ட்னர் சொன்னா உடனே பிடிச்சு உலுக்குங்க, அது உங்க காசும்தான்.

பார்ட்னர் ஒருத்தர் விலகினாலோ இறந்தாலோ, பிரிவு 78 படி அவரோட பங்கு அளவு நஷ்டத்த ஃபர்ம் அதுக்கப்புறம் முன்னெடுத்துட்டுப் போக முடியாது. நஷ்டம் தேங்கி நிக்கிற ஃபர்ம்ல இருந்து கோவத்துல வெளிய வர்றவங்க இதை யோசிக்கிறதே இல்ல.

இதைவிட கொடுமை ஒண்ணு இருக்கு. நஷ்ட வருஷத்துலயும் பத்திரத்துல வட்டி உண்டுன்னு எழுதியிருந்தா ஃபர்ம் 12 சதவீதம் வட்டிய வரவு வெக்கலாம், நஷ்டம் அந்த அளவு பெருசாகும். சம்பளமும் நஷ்டத்துலயே மொத்தம் 3 லட்சம் வரைக்கும் கழிக்கலாம். ஆக ஃபர்ம் மூழ்கிட்டு இருக்கும், நான் கைக்கே வராத 96,000க்கு வரி கட்டிட்டு இருப்பேன், என் பங்கு நஷ்டத்துக்கு ஒரு பைசா கழிவு கிடையாது. எங்க பத்திரத்துல இது இருந்துச்சு. ஒரு வருஷம் பட்டதும் மூணு பேரும் உக்காந்து, லாபம் போதாத வருஷம் வட்டி கிடையாது, குறைச்சும் குடுக்கலாம்னு துணைப் பத்திரம் போட்டோம். பத்திரத்த மாத்தினா மாத்தின தேதியில இருந்துதான் செல்லும், முன் தேதியிட்டு எழுதினா வரித்துறை ஒத்துக்காது, அதனால மார்ச்ல யோசிக்காம ஏப்ரல்லயே பண்ணிடுங்க.

உங்க கடன் வட்டி ஃபர்ம்ல இருந்து வந்த வட்டிய விட அதிகமாகி உங்க கையிலயே தொழில் நஷ்டம் வந்தா அது உங்க நஷ்டம், அது வேற கதை. வாடகை மாதிரி மத்த தலைப்புல கழிக்கலாம், ஆனா சம்பளத்துல கழிக்க முடியாது. மிச்சம் இருந்தா 8 வருஷம் தொழில் வருமானத்துல கழிக்கலாம், நீங்களும் நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டிருந்தா.

தேயிலைக்காரங்களுக்கு மட்டும்

தோட்டத்துல பறிச்ச பச்சை இலைய ஃபேக்டரிக்கு போடறீங்க, அந்தக் காசு விவசாய வருமானம், வரி இல்ல. இலைய விலைக்கு வாங்கி டீ போடற ஃபேக்டரி ஃபர்ம், அது முழுக்க தொழில் வருமானம், விவசாயம்னு ஒரு ரூபாய் கூட சொல்ல முடியாது. சொந்தத் தோட்ட இலைய சொந்த ஃபேக்டரியில டீ ஆக்கி விக்கிற ஃபர்ம்னா விதி 8 வரும், 40 சதவீதம் தொழில், 60 சதவீதம் விவசாயம்.

இந்த மூணாவது வகை ஃபர்ம்ல நீங்க பார்ட்னரா இருந்து சம்பளம் வாங்குறீங்கன்னா ஒரு பழைய தீர்ப்பு உங்களுக்கு உதவும். ஆர்.எம். சிதம்பரம் பிள்ளை வழக்குல 1977ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, பார்ட்னர் வாங்குற சம்பளம் லாபத்தோட இன்னொரு உருவம்தான், அதனால தேயிலை ஃபர்ம் குடுக்கிற சம்பளத்துலயும் 60 சதவீதம் விவசாய வருமானம்னு. அது பழைய ஃபர்ம் வரி முறை இருந்த காலத்துத் தீர்ப்பு, அதனால இதை வெச்சு பிரிச்சு காட்டறதா இருந்தா ஆடிட்டர்கிட்ட பேசி, எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டு பண்ணுங்க. காபிக்கு விதி 7பி, பதப்படுத்தி வித்தா 25 சதவீதமும், வறுத்து அரைச்சு வித்தா 40 சதவீதமும் தொழில் வருமானம்.

விவசாய வருமானம் 5,000க்கு மேல இருந்தா ஷெட்யூல் ஈஐல காட்டியே ஆகணும், மத்த வருமானத்துக்கு வரி விகிதம் பாக்க அதையும் சேர்த்துதான் கணக்கு போடுவாங்க. 5 லட்சம் தாண்டினா மாவட்டம், பின்கோட், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா எல்லாம் கேக்கும், சிட்டாவ பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க.

பழைய முறையா புது முறையா

கம்பெனி சம்பளம் மட்டும் வாங்குறவங்க வருஷா வருஷம் பழைய வரி முறைக்கும் புதுசுக்கும் மாறிக்கலாம். ஃபர்ம்ல இருந்து வட்டியோ சம்பளமோ வந்த நிமிஷம் உங்களுக்கு தொழில் வருமானம் இருக்குன்னு ஆயிடுது, அப்ப பழைய முறை வேணும்னா கெடு தேதிக்குள்ள 10-ஐஇஏ ஃபாரம் போடணும், ஒரு வாட்டி பழசுக்கு போயிட்டு புதுசுக்கு திரும்பினா அப்புறம் தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் திரும்ப பழசுக்கு போக முடியாது. வெறும் 96,000 வட்டிக்காக இந்தக் கட்டுப்பாடான்னு தோணும். என்ன பண்றது, வீட்டுக் கடன், 80சி (சேமிப்புக்கான கழிவு) எல்லாம் வெச்சிருக்கிறவங்க மூணு நாலு வருஷத்துக்கு சேர்த்து கணக்கு போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

தேதி, அனுப்பறது, அதுக்கப்புறம்

ஃபர்முக்கு ஆடிட் உண்டுன்னா பார்ட்னரான உங்களுக்கும் கெடு அக்டோபர் 31. முன்னாடி இது வேலை பாக்கிற பார்ட்னருக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2020 நிதிச் சட்டத்துல அந்த வித்தியாசத்த எடுத்துட்டாங்க, இப்ப ஒதுங்கின பார்ட்னருக்கும் அதே தேதிதான். ஆடிட் இல்லன்னா அதுக்கு முன்னாடியே வந்துடும், அதையும் நீட்டிட்டே இருக்காங்க, 2025ல செப்டம்பர் 16 வரைக்கும் போச்சு, அதனால அந்தந்த வருஷம் போர்ட்டல்ல போட்டிருக்கிற தேதிய பாத்துக்கோங்க. ஃபர்ம் தன்னோட ஐடிஆர்-5ஐ முடிச்சதுக்கப்புறம் உங்களது போட்டா நம்பர் மாறாது. தாமதமானா 5,000 ரூபாய் கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000.

போட்டதும் 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும், ஆதார் ஓடிபி போதும். எங்க அரவேணு பக்கம் மழை நாள்ல சிக்னல் போய் ஓடிபி வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும், ஒரு வாட்டி குடைய பிடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறி நின்னு வெரிஃபை பண்ணேன். குறைபாடுள்ள ரிட்டர்ன்னு 139(9)ல நோட்டீஸ் வந்தா 15 நாள்ல பதில் குடுக்கணும், பெரும்பாலும் ஃபாரம் மாத்தி போட்டதுக்கோ ஏதோ ஒரு அட்டவணை காலியா விட்டதுக்கோதான் வரும்.

சித்தி பையனுக்கு மூலதனக் கணக்கு காப்பி வாங்க மட்டும் பதினோரு நாள் ஆச்சு. வாங்கிப் பாத்தா வட்டி 54,000, லாபப் பங்கு 31,000, மிச்சம் எல்லாம் அவன் போட்ட மூலதனத்துல இருந்தே எடுத்தது. "அப்போ நான் சம்பாதிச்சது எண்பத்தஞ்சாயிரம்தானா அண்ணா?"ன்னான்.